ரெண்டாவது ஆள்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வெச்சுக்கிறேன். மெட்ராஸ் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் மெட்ராஸ்தான்.

நான் போலீஸ்ல டி.எஸ்.பி. சார். கோவர்த்தனன்னு பேரு. நம்ப முடியலையா? நம்பாதீங்க, உங்க மேல தப்பில்ல. டி.எஸ்.பி. எங்கயாவது பஸ்ல வருவாரா? சர்வீஸ் பூரா டிபார்ட்மென்ட் வண்டிங்களைக் கட்டி மேய்ச்சவன் நான். என் கையெழுத்து இல்லாம ஒரு ஜீப் ஷெட்டை விட்டு நகராது. அப்படிப்பட்டவனுக்கு இன்னைக்கு ஒரு வண்டி குடுக்க ஆளில்ல. இந்த வயித்தெரிச்சலை யார்கிட்டயாவது சொல்லணும் சார். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன்.

மோட்டார் பிரிவுலயே இருந்து மோட்டார் பிரிவுலயே ரிட்டயர் ஆயிடலாம்னுதான் இருந்தேன். திடீர்னு ஒரு ஆர்டர். விரல்ரேகைப் பிரிவுக்கு மேற்பார்வை அதிகாரியாப் போன்னு. எந்த மாவட்டம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். திருட்டு நடந்த வீட்டுல பீரோ மேல பவுடர் தூவி ரேகை எடுப்பாங்களே, அந்த ஆபீஸ். எனக்கு ரேகையைப் பத்தி என்ன தெரியும்? ஆயுள் ரேகை தெரியும், தன ரேகை தெரியும். எஸ்.பி. ஐயாகிட்டயே சொன்னேன், ஐயா எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைன்னு. அவர் சிரிச்சுட்டு, தெரிஞ்சவங்க அங்க இருக்காங்கய்யா, அவங்களை வேலை வாங்கத்தான் ஆள் வேணும்னார். நியாயம்தானே? ஓட்டல் முதலாளிக்குத் தோசை சுடத் தெரியணும்னு ஏதாவது சட்டமா?

போய்ப் பார்க்குறேன், பெரிய ஹால். பதினோரு மேசை, பதினோரு நாற்காலி, ஆள் ரெண்டே பேர். மத்தவங்க ரிட்டயர் ஆனாங்க, மாறுதல் வாங்கிட்டுப் போனாங்க, ஒருத்தர் செத்தே போயிட்டார். அந்த இடத்துக்கெல்லாம் யாரையும் போடலை. இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி. பூதக்கண்ணாடியில கண்ணை வெச்சாங்கன்னா மந்திரியே வந்தாலும் தலை நிமிராது. நான் வந்த அன்னைக்கும் நிமிரலை. அதை நான் மனசுல வெச்சுக்கலை, சும்மா சொல்றேன். இன்னொருத்தர் எஸ்.ஐ. ஜோயல். நாப்பது வயசை ஒட்டினவர், ரொம்ப வருஷம் கழிச்சு அவர் சம்சாரம் அப்பதான் உண்டாகியிருந்தாங்க. சாதுவான மனுஷன். எதைக் கேட்டாலும், அப்படி மாதிரித்தான் இருக்கு சார்னு சொல்வார்.

நான் முதல்ல செஞ்ச சீர்திருத்தம் என்ன தெரியுமா? காலி நாற்காலியை எல்லாம் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பிட்டேன். மேசையையும்தான். காலியா நாற்காலி கிடந்தாத்தானே சார் ஆள் குறைச்சல்னு கண்ணுல படும்? அடுத்த மாசம் ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஹாலைச் சுத்திப் பார்த்துட்டு, ரெண்டு நாற்காலி, ரெண்டு பேர், எல்லாம் நிரம்பியிருக்கே, பேஷ்னு சொல்லிட்டுப் போனார். அந்த வருஷம் புதுசா ஆள் எடுக்குறாங்க, உங்களுக்கு எத்தனை பேர் வேணும்னு மேலிடத்துல கேட்டாங்க. ஒருத்தரும் வேண்டாம், இருக்குற ஆளை வெச்சே சமாளிக்கிறோம்னு சொன்னேன். சிக்கனத்துக்காக எனக்குப் பாராட்டு வந்துச்சு. மங்கையர்க்கரசிக்கு மட்டும் மூஞ்சி செத்துப் போச்சு. இனிமே நான் லீவு போட்டா ரெண்டாவது பார்வைக்கு ஆளிருக்காது சார்னாங்க.

அதென்ன ரெண்டாவது பார்வைன்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு ரேகை இன்னாரோடதுன்னு ஒருத்தர் சொன்னா, அதே ரேகையை இன்னொருத்தர் தனியாப் பார்க்கணுமாம். முதல் ஆள் என்ன சொன்னார்னு ரெண்டாவது ஆளுக்குத் தெரியவே கூடாதாம். தெரிஞ்சா கண்ணு அந்தப் பக்கமே சாயுமாம். ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னாத்தான் வெளிய விடணுமாம். எனக்கு இது அவமானமாப் பட்டுச்சு சார். கூட வேலை பார்க்குறவரை நம்பாம ஒரு ஆபீஸ் நடக்குமா? ஒரு வண்டியை ரெண்டு டிரைவரா ஓட்டுறாங்க? கேட்டேன். அந்தம்மா, வண்டியில பிரேக்கு ஒண்ணா சார் இருக்குன்னு கேட்டாங்க. மோட்டார் பிரிவுல இருந்து வந்தவன்கிட்டயே பிரேக்கு. அதையும் நான் மனசுல வெச்சுக்கலை.

அங்க நிலுவை மலை மாதிரி இருந்துச்சு. பழைய திருட்டு, பாதி ரேகை, கலைஞ்ச ரேகைன்னு அலமாரி நிறைய. நாளுக்கு இத்தனை முடிக்கணும்னு ஒரு கணக்கு வெச்சேன். அந்தம்மா முடிக்க மாட்டாங்க. ஒரே ரேகையை மூணு நாள் பார்த்துட்டு, இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு எழுதுவாங்க. மூணு நாள் சம்பளம் வாங்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்ல ஒரு இன்ஸ்பெக்டர் எதுக்கு சார்? அந்தச் சமயம் பார்த்துத் தேர்த்திருவிழா வந்துச்சு. பந்தோபஸ்துக்கு ஆபீஸுக்கு ஒரு ஆள் அனுப்புங்கன்னாங்க. அந்தம்மா பேரை நானே குடுத்தேன். அவங்களும் போலீஸ்தானே? வெயில்ல நின்னா உடம்புக்கு நல்லது.

அவங்க போன மறுநாள்தான் சார் அந்தக் கொலை. கடைவீதியில ஒரு அடகுக்கடை. பூட்டை உடைச்சு நகையை அள்ளிட்டுப் போனவன், தடுக்க வந்த வயசான வாட்ச்மேனை அடிச்சுட்டான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிர் போயிடுச்சு. ஊர் கொதிச்சுப் போச்சு. கடையடைப்பு, மறியல். எஸ்.பி. ஐயா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்றார், என்னய்யா ஆச்சு, என்னய்யா ஆச்சுன்னு. கடையோட கண்ணாடி மேசையில ஒரு ரேகை கிடைச்சிருந்துச்சு. பாதிதான். அதுவும் இழுபட்ட ரேகை.

அதைக் கம்ப்யூட்டர்ல போட்டாங்க. கம்ப்யூட்டர் ஒரே ஆளைச் சொல்லாது சார். ஒத்தாப்புல இருக்குற கொஞ்சம் பேரை வரிசையாக் காட்டும், அதுல யாரு, இல்ல யாருமே இல்லையான்னு மனுஷன்தான் பார்த்துச் சொல்லணும்னு மங்கையர்க்கரசி சொல்வாங்க. எனக்கு அது விளங்கினதே இல்ல. ஓட்டப்பந்தயத்துல முதல்ல வந்தவனை விட்டுட்டு நாலாவதா வந்தவனுக்கா கப்பு குடுப்பாங்க?

முதல்ல வந்தவன் பவுன்ராஜ். பேரைப் பாருங்க சார். அடகுக்கடையில கொள்ளை, ஆளோட பேரு பவுன்ராஜ். வீடு வீடாத் தண்ணி கேன் போடுறவன். எங்க ஆபீஸுக்கே அவன்தான் போட்டுக்கிட்டு இருந்தான். மாடிப்படி ஏறி வந்து, வணக்கம் ஐயான்னு சொல்லிட்டு கேனைக் கவுத்து வெச்சுட்டுப் போவான். கொலைகாரன் மூக்குக்கு முன்னாடியே நடமாடியிருக்கான்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அவன் ரேகை எப்படி நம்மகிட்ட இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? சில வருஷம் முன்னாடி அவங்க தெருவுல குடிதண்ணி வரலைன்னு காலிக் குடத்தோட ரோட்டை மறிச்சிருக்காங்க. அப்போ இருந்த இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கல்யாண மண்டபத்துல அடைச்சு, விரலையும் உருட்டி எடுத்துக்கிட்டார். முன்யோசனை உள்ள அதிகாரி. தண்ணிக்கு ரோட்டை மறிச்சவன் நகைக்கு ஆளை அடிக்க மாட்டானா?

ஜோயல்தான் ஒப்பிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வேர்த்து ஊத்துது அவருக்கு. ஒத்துப்போற மாதிரித்தான் இருக்கு சார், ஆனா ஒரு இடத்துல கண்ணாடி ரேகையில கோடு ரெண்டாப் பிரியுது, இவன் ரேகையில பிரியலை, மேடம் ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுன்னார். மேடம் தேருக்குப் பின்னாடி நடந்துக்கிட்டு இருக்காங்க, தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் கொலைகாரன் காத்திருப்பானான்னு கேட்டேன். கட்டாயப்படுத்தினேன்னு பின்னாடி ஒரு பேச்சு வந்துச்சு, அது சுத்தப் பொய். சம்சாரம் எப்படியிருக்காங்கன்னு விசாரிச்சேன். பிரசவத்துக்குக் கூட இருக்கணும்னு அவர் லீவு கேட்டிருந்தார். இந்த வேலை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு சொன்னேன். அன்பாத்தான் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழ வெச்சார். அப்புறம் பவுன்ராஜ் ரேகைதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரெண்டாவது ஆளுக்கான இடம் காலியா இருந்துச்சு. நான் போட்டேன்.

அப்படிப் பார்க்காதீங்க சார். எனக்கும் தகுதி இருக்கு. ரேகைப் பயிற்சி முகாம் ஒண்ணை நான்தான் குத்துவிளக்கு ஏத்தித் தொடங்கி வெச்சேன். வந்த எல்லாருக்கும் சான்றிதழ் குடுத்தாங்க, எனக்கும் குடுத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டும் போடலை. பூதக்கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். இதுலயும் கோடு, அதுலயும் கோடு. இது இடது பக்கம் வளையுது, அதுவும் இடது பக்கம் வளையுது. வேற என்ன வேணும்?

அன்னைக்குச் சாயங்காலமே பிடிச்சுட்டாங்க. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, முகத்துல துணியைப் போட்டு நிக்க வெச்சாங்க. எஸ்.பி. ஐயா எனக்கு எல்லார் முன்னாடியும் சால்வை போட்டார். அறிவியல் முறையில் துப்பு துலக்கிய அதிகாரின்னு பேப்பர்ல வந்துச்சு. என் சம்சாரம் அதை வெட்டி ஒட்டி வெச்சிருக்கா.

தேர் நிலைக்கு வந்து மங்கையர்க்கரசியும் திரும்பி வந்தாங்க. வெயில்ல கறுத்துப் போயிருந்தாங்க. வந்தவங்க சும்மா இருக்கலாமில்ல? பேர் ஊர் எதுவும் சொல்லாதீங்க, அந்த ரெண்டு ரேகையை மட்டும் குடுங்கன்னு ஜோயல்கிட்ட வாங்கிப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டு நேரா என் ரூமுக்கு வந்தாங்க. இது ரெண்டும் வேற வேற ஆளோடது சார்னாங்க. நான் பொறுமையாத்தான் பேசினேன். கேஸ் முடிஞ்சு போச்சும்மா, உன்னை யாரும் பார்க்கச் சொல்லலையேன்னேன்.

"நான் பார்க்கலைன்னா அது பவுன்ராஜ் ரேகையா மாறிடுமா சார்?"

என்ன திமிர் பாருங்க. உத்தரவில்லாம ரேகையைப் பார்த்ததுக்கு விளக்கம் கேட்டு மெமோ குடுத்தேன். டிபார்ட்மென்ட் வரலாற்றுலயே பார்த்ததுக்காக மெமோ வாங்கினவங்க அவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டாங்க. மேலிடம் அதை விசாரிக்கச் சொல்லி எனக்கே அனுப்பிச்சுது. முறை அதுதானே? மேற்பார்வை நான்தானே? விசாரிச்சேன். ஆதாரம் இல்லைன்னு முடிச்சேன். அப்புறம் அவங்களைப் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு மாத்தியாச்சு. புதுசா வர்ற பசங்களுக்கு விரலை எப்படி உருட்டணும்னு சொல்லிக் குடுக்க. இன்னொரு நாற்காலியும் கன்ட்ரோல் ரூமுக்குப் போயிடுச்சு.

அப்புறம் ஆபீஸ் ரொம்ப நிம்மதியா ஓடுச்சு சார். ஜோயல் ஒப்பிடுவார், நான் ரெண்டாவது கையெழுத்துப் போடுவேன். நிலுவை மளமளன்னு குறைஞ்சுது. அவர் சம்சாரத்துக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. வேலை அதிகமா இருந்ததால லீவு மட்டும் குடுக்க முடியலை. பிறந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் போய்ப் பார்த்தார்.

பவுன்ராஜ் சம்சாரம் செல்லத்தாய் கொஞ்ச நாள் எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும். அவன் கேன் போட்டுக்கிட்டு இருந்த டி.வி.எஸ். வண்டியில அதுவே கேன் கட்டி ஓட்டிப் பார்த்துச்சு. ஜனங்க வாங்கலை. நாங்களும் நிறுத்திட்டோம். கொலைகாரன் வீட்டுத் தண்ணியைப் போலீஸே குடிச்சா நல்லாவா இருக்கும்? வேற ஆள்கிட்ட வாங்கினோம். அது அவ்வளவு சுகமில்ல, பிளாஸ்டிக் வாடை அடிக்கும். ஒரு நாள் செல்லத்தாய் என்னை மறிச்சு, எந்த விரல்னு மட்டும் சொல்லுங்க ஐயா, நான் அவர்கிட்ட கேக்கணும்னுச்சு. எனக்கு ஞாபகமில்ல. கோர்ட்டுல கேட்டுக்கோம்மான்னு அனுப்பினேன். எந்த விரலா இருந்தா அதுக்கென்ன?

அடுத்த வருஷம்தான் வினை வந்துச்சு. வேற எங்கயோ ஒரு கொள்ளையில ஒருத்தன் பிடிபட்டான். பிடிபட்டவன் பிடிபட்ட கேஸோட நிறுத்தியிருக்கலாம். எங்க ஊர் அடகுக்கடையையும் சேர்த்துச் சொல்லிட்டான். நகையும் அவன் காட்டின இடத்துல கிடைச்சுது. அந்த ஊர் ரேகைப் பிரிவுல பார்த்திருக்காங்க. ரெண்டு பேர், தனித்தனியா. கண்ணாடி மேசை ரேகை அவனோடதுதான்னு சொல்லிட்டாங்க. எங்க கம்ப்யூட்டர் காட்டின வரிசையில அவன் நாலாவதா இருந்தானாம்.

பவுன்ராஜை விட்டுட்டாங்க. விட்டதோட நின்னாங்களா? ஜட்ஜ் கண்டபடி கேள்வி கேட்டார். விசாரணைக்கு உத்தரவு. நல்ல வேளையா விசாரணைக்கு வந்த அதிகாரி பழைய மோட்டார் பிரிவு ஆள். என்னைப் புரிஞ்சவர். ரெண்டாவது கையெழுத்து உங்களோடதான்னு கேட்டார். ஆமான்னேன். ரேகையைப் பார்த்தீங்களா? பார்த்தேன். ஒத்துப்போகுதுன்னு சொன்னீங்களா? வாயைத் திறந்து சொல்லலைங்கன்னேன். அப்போ அது பார்வையிட்டதுக்கான கையெழுத்து, ஒப்புக்கிட்டதுக்கானது இல்லைன்னு எழுதிக்கிட்டார். படிச்ச மனுஷன் படிச்ச மனுஷன்தான்.

ஜோயலை சஸ்பெண்ட் பண்ணாங்க. வருத்தம்தான். ஆனா யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணுமே சார். அவர் என்னைக் காட்டிக் குடுக்கவும் இல்ல, நான் அவரைக் கேக்கவும் இல்ல. போகும்போது மேசையைத் துடைச்சு வெச்சுட்டுப் போனார். தாங்கிக்குவார், சாதுவான மனுஷன்.

கடைசியா அறிக்கை வந்துச்சு. தப்புக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, கடுமையான ஆள் பற்றாக்குறை. இன்னொண்ணு, சரியான மேற்பார்வை இல்லாதது. நான் அப்படியே ஒத்துக்கிட்டேன் சார். பதினோரு பேர் பார்க்க வேண்டிய வேலையை ரெண்டு பேர் தலையில கட்டினா எப்படி உருப்படும்? இந்த அரசாங்கம் ஆளே போடாதா? எனக்கு ரத்தம் கொதிச்சுது. மேற்பார்வைக்கு மெட்ராஸ்ல ஒரு தனிக் கமிட்டி போட்டாங்க, மாநிலம் பூரா ரேகைப் பிரிவுகளை இனிமே அவங்கதான் கண்காணிக்கணும். இந்த மாதிரித் தப்பு நடந்த ஆபீஸை உள்ளேயிருந்து பார்த்த அனுபவம் உள்ளவர் ஒருத்தர் உறுப்பினரா வேணும்னாங்க. மாநிலத்துலயே அந்த அனுபவம் எனக்கு மட்டும்தானே இருக்கு?

ஆமா சார், நான்தான். நாளைக்கு முதல் கூட்டம். இதைச் சொல்லத்தான் வந்தேன். கமிட்டி உறுப்பினர், ஆனா வண்டி கிடையாதாம். பஸ் டிக்கெட்டைக் குடுத்தா பணம் திருப்பித் தருவாங்களாம். அதுவும் சாதா பஸ்ஸுக்குத்தான். மங்கையர்க்கரசியையும் கமிட்டியில கருத்துச் சொல்லக் கூப்பிடலாம்னு யாரோ எழுதியிருந்தாங்க. மெமோ வாங்கினவங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். விட்டுட்டாங்க.

நேத்து மதியம்தான் ஆபீஸ்ல ரிலீவ் ஆனேன். சாமானைக் கட்டிக்கிட்டு இருக்கேன், பவுன்ராஜ் வந்து நிக்குறான். இளைச்சுப் போயிருந்தான். முன்ன மாதிரி வணக்கம் ஐயான்னு சொல்லலை. உக்காருன்னேன். உக்காரலை, நாற்காலியும் இல்ல. என் ரேகையை உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துடுங்க ஐயா, இன்னொரு தடவை எங்கயாவது முதல்ல வந்துடப் போகுதுன்னான்.

நியாயமான கோரிக்கை. நான் மறுக்கலை. அதுக்கு ஒரு வழிமுறை இருக்குன்னு விளக்கினேன். நீக்கச் சொல்ற பவுன்ராஜும், உள்ள இருக்குற பவுன்ராஜும் ஒரே ஆள்தான்னு உறுதி பண்ணணும். அதுக்கு நீ பத்து விரலையும் மறுபடி உருட்டிக் குடுக்கணும்ப்பா, மை அந்த மேசையில இருக்குன்னேன்.

அவன் என்ன பண்ணான் தெரியுமா? ரெண்டு கையையும் அக்குள்ல இடுக்கிக்கிட்டான். அப்படியே கைகட்டி நிக்குறான். இத்தனை பட்டும் மரியாதை மறக்கலையேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் கேட்டான்.

"ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்து என் ரேகைதான்னு சொன்னாங்கன்னு கோர்ட்டுல சொன்னாங்க. ஜோயல் சார் எங்க வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அவரை விட்டுட்டேன். அந்த ரெண்டாவது ஆள் யாரு ஐயா?"

அவர் மாறுதலாகிப் போயிட்டாருப்பா, இப்ப இந்த ஆபீஸ்ல இல்லைன்னு சொன்னேன். பொய்யில்லையே சார்? அன்னைக்கு மதியமே ரிலீவ் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு.

அவன் தலையாட்டினான். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பினான். கை இன்னும் அக்குள்லயேதான் இருக்கு.

"அவரை எங்கயாவது பார்த்தீங்கன்னா, பவுன்ராஜ் தேடி வந்தான்னு சொல்லுங்க."

சொல்றேன்னேன்.